ஆர்க்கிடெக்ட் ஐயா, உங்கள் உத்தியோகம் என்ன?

போன வாரம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் முழுவதுமாக அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்ற உத்தேசத்தோடுதான் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். (எரிச்சல் அடங்கிய பிறகு எழுதினால் நான் மகா நியாயஸ்தனாகிவிடுவேன். அதை யார் படிப்பார்கள்?)

விஷயம் இதுதான்.

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஸ்தாபனம், தன்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் செல்போனிலேயே ஆர்டர் போட்டு, அங்கேயே யூபிஐ மூலம் பணத்தையும் கட்டிவிடும்படியான ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறது. ஆப்பை ஒரு கம்பெனி எழுதுகிறது. கிடங்குச் சரக்குக்குக் கணக்கு வைப்பது இன்னொரு கம்பெனியின் மென்பொருள். பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே மூன்றாவது ஆள். நடுவில் மிடில்வேர் என்ற ஒன்றை வைத்து இவை அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துத் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பவர் நாலாவது ஆள். (இந்த நால்வரில் நான் யாருடைய ஆள் என்று சொல்வதாக இல்லை, எனக்கும் மாதாமாதம் சம்பளம் வர வேண்டும்.) அன்று அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் இருந்தது. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட், கிளவுட் ஆர்க்கிடெக்ட், டேட்டா ஆர்க்கிடெக்ட், இன்டக்ரேஷன் ஆர்க்கிடெக்ட் என்று பல ரகம். மூலையில் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த பையன்கூட அசோசியேட் ஆர்க்கிடெக்டாம். திரையில் வண்ண வண்ணமாகப் பெட்டிகள், பெட்டிகளுக்கிடையே அம்புகள், அம்புகளின் மேல் பொடி எழுத்துகள். பார்ப்பதற்கு ரம்மியமாகத்தான் இருந்தது.

அந்த ஸ்தாபனத்தின் கணக்குப் பிரிவைப் பல வருஷமாகக் கவனித்துவரும் அம்மாள் ஒருவர், அதுவரை வாயைத் திறவாமல் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தவர், மெல்லத் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"சார், எனக்கு ஒரு சந்தேகம். கடைக்காரர் பணம் கட்டிட்டாரு. அவர் அக்கவுண்ட்ல காசும் போயிடுச்சு. ஆனா நம்ம பக்கம் ஆர்டர் விழலை. அப்போ அந்தக் காசு யார்கிட்ட இருக்கும்? யார் திருப்பிக் கொடுப்பாங்க? ஏன்னா, அவரு எனக்குத்தான் போன் பண்ணுவாரு."

நிசப்தம்.

பிறகு கேட்வேக்காரர், "அதை ஆப் டீம் பார்க்கணும் மேடம்" என்றார். ஆப் டீம், "மிடில்வேர்ல ஹேண்டில் ஆயிடும்" என்றது. மிடில்வேர்க்காரர் சற்றும் சளைக்காமல், "நல்ல பாயிண்ட் மேடம், ஃபேஸ் டூல எடுத்துக்கலாம்" என்றார். அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். கூட்டம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிற்று.

இத்தனை ஆர்க்கிடெக்டுகள் கூடியிருந்த ஓர் அறையில், ஆர்க்கிடெக்ட் ஒருவர் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் கணக்கெழுதும் அம்மாள். அதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் என் எரிச்சலின் மூலகாரணம்.

அந்தக் கேள்வியின் அருமையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பணம் கட்டும் பொத்தானை அமுக்கியவுடன் அந்தச் செய்தி ஆப்பிலிருந்து கேட்வேக்கும் கேட்வேயிலிருந்து வங்கிக்கும் போய், வங்கி காசைக் கழித்துக்கொண்டு "ஆயிற்று" என்று பதில் சொல்ல, அந்தப் பதில் போன வழியே திரும்பி வந்து கிடங்கு மென்பொருளில் ஆர்டராகப் பதிவாக வேண்டும். இந்த யாத்திரையில் எந்த இடத்திலும் தடங்கல் நேரலாம். போகிற வழியில் நேர்ந்தால் பாதகமில்லை; காசு போகவில்லை, மறுபடி அமுக்கிக்கொள்ளலாம். திரும்பி வருகிற வழியில் நேர்ந்தால்தான் விபரீதம். காசு போய்விட்டது, போனது ஆப்புக்குத் தெரியாது. ஆப் தனக்கு விதிக்கப்பட்ட சில விநாடிகள் காத்திருந்துவிட்டு, டைம்அவுட் என்று முடிவு கட்டி, "மீண்டும் முயற்சிக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லும். கடைக்காரரும் மரியாதையாக மீண்டும் முயற்சிப்பார். இரண்டாவது தடவையும் காசு போகும்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. யூபிஐ வழியாகக் கடைக்குக் கட்டிய பணம் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, கடைக்கு அதன் உறுதி வந்து சேராமல் போனால், நடந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அந்தப் பணம் தானாகவே திரும்பிவிட வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் விதித்திருக்கிறது. நல்லது. ஆனால் வங்கியின் உறுதி கேட்வே வரையில் பத்திரமாக வந்து சேர்ந்து, அங்கிருந்து நம்முடைய கிடங்கு மென்பொருளுக்கு வரும் வழியில் தொலைந்துபோனால்? வங்கியைப் பொறுத்தவரை பரிவர்த்தனை சுபமாக முடிந்துவிட்டது. பணம் ஸ்தாபனத்தின் கணக்குக்கே வந்துவிடும். தானாகத் திருப்ப யாருக்கும் முகாந்திரம் இல்லை. கடைக்காரருக்குச் சரக்கும் இல்லை, காசும் இல்லை. அம்மாளுக்கு மட்டும் போன் வந்துகொண்டே இருக்கும்.

இந்த இரண்டு விபத்துகளையும் பிரித்தறிந்து, முதலாவதற்கு ரிசர்வ் வங்கியின் விதி போதும், இரண்டாவதற்கு நாமே வழி செய்ய வேண்டும் என்று சொல்பவர் யார்? புராஜெக்ட் மேனேஜருக்குக் காலமும் பணமும்தான் கணக்கு. பிசினஸ் அனலிஸ்ட், கேட்டவர்கள் கேட்டதை எழுதிக்கொள்வார். கேட்காததை எழுத அவருக்கு அதிகாரமில்லை. டெவலப்பர் தன்னிடம் கொடுத்த பெட்டியைப் பழுதில்லாமல் செய்து தருவார். பெட்டிக்கு வெளியே இருக்கும் அம்பு அவருடையதல்ல.

அம்பு யாருடையது?

என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஆக்ஷேபிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். ஒரு வியாபாரத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அதை நடத்துகிறவர்களின் வாயாலேயே கேட்டறிந்து, பின்னால் மாற்றப் புகுந்தால் பெருஞ்செலவு பிடிக்கக்கூடிய தீர்மானங்கள் எவையெவை என்பதை முன்கூட்டியே இனங்கண்டு, அவற்றை எல்லோருக்கும் விளங்கும்படி எழுதி வைத்து, ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் நடுவிலே எந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் பெயர் குறிக்கப்படாமல் கிடக்கிற சந்துகளுக்கெல்லாம் தாமே பொறுப்பேற்று, ஏற்பாடு முழுவதும் ஓடத் தொடங்கி நிலைபெறும் வரையில் கூடவே இருப்பவர் எவரோ, அவர்தான் ஆர்க்கிடெக்ட். மற்றவர்கள் எல்லாம் மிகவும் நல்லவர்களாக இருக்கலாம், படிப்பாளிகளாக இருக்கலாம், அவர்களுக்கு வேறு பட்டம் கொடுங்கள்.

இந்த உத்தியோகம் நேற்று முளைத்ததன்று. 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐபிஎம் கம்பெனி சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை உலகுக்கு அறிவித்தது. அதற்கு முன்னால் அந்தக் கம்பெனி விற்ற யந்திரங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. சின்ன யந்திரத்திலிருந்து பெரிய யந்திரத்துக்கு மாறுகிற வாடிக்கையாளர் தம்முடைய நிரல்களைத் திரும்ப எழுதிக்கொள்ள நேரும். 360-ல் சின்னது முதல் பெரியது வரை ஆறு மாடல்களை அறிவித்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கட்டளைத் தொகுதியை நிர்ணயித்தார்கள். அதே ஆண்டு அதை வடிவமைத்தவர்களான ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில், நிரல் எழுதுகிறவன் கண்ணுக்குத் தென்படும் லட்சணங்கள்தாம் ஆர்க்கிடெக்சர், உள்ளே கம்பிகளை எப்படி ஓட்டினார்கள் என்பது வேறு விவகாரம் என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். ஓர் எழுத்துக்கு ஆறு பிட் போதும் என்றிருந்த அக்காலத்து வழக்கத்தை விட்டு எட்டு பிட் என்று வைத்ததும் அந்த வரிசையில்தான். அந்தத் தீர்மானத்தின் பலனை இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் செல்போன் வரையில் நாம் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். அது வெறும் பொறியியல் தீர்மானமா என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குச் சின்ன யந்திரம் வாங்குகிறவர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போகாமல் நம்மிடமே பெரிய யந்திரம் வாங்குவார் என்பதல்லவா அதன் உட்பொருள்! வியாபார யுக்தியும் யந்திர நுணுக்கமும் ஒரே தீர்மானத்தில் கலந்திருந்தன.

புரூக்ஸ் அந்த அனுபவத்தையெல்லாம் சேர்த்து 1975-ல் 'தி மித்திகல் மேன்-மன்த்' என்ற புத்தகம் எழுதினார். ஓர் ஏற்பாடு முழுவதும் ஒரே சிந்தனையின் விளைவாகத் தோன்ற வேண்டும், அதற்கு அதன் வடிவத்தை நிர்ணயிக்கிறவர்கள் ஒருவரோ ஒருசிலரோதான் இருக்க முடியும் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்து. (எங்கள் கூட்டத்தில் மேஜையில் பாதி ஆர்க்கிடெக்டுகள் என்று சொன்னேன் அல்லவா?) பிறகு 1987-ல் ஜான் ஜாக்மன் ஆர்க்கிடெக்சருக்கென்று ஒரு சட்டகம் வரைந்தார், 1995-ல் டோகாஃப் என்ற இன்னொரு சட்டகம் வந்தது, அதற்குப் பரீட்சை வந்தது, சான்றிதழ் வந்தது, சான்றிதழுக்குப் பயிற்சி வகுப்பு வந்தது. சான்றிதழ் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சொற்களைத் தெரிந்துவைத்திருப்பது பேச்சுவார்த்தைக்கு உபகாரமாகவே இருக்கிறது. அவ்வளவுதான் அதன் உபகாரம்.

சந்துகளுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசாங்கமே பெருந்தொகை செலவழித்து ஒரு நிரூபணம் செய்து வைத்திருக்கிறது. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி ஹெல்த்கேர்.கவ் என்ற தளத்தைத் திறந்தார்கள். 36 மாநிலங்களின் ஜனங்கள் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்வதற்கான பொதுச் சந்தை அது. லட்சக்கணக்கானவர்கள் முண்டியடித்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீடு எடுத்து முடித்திருந்தவர்கள் 6 பேர். ஆயிரமல்ல, நூறல்ல. ஆறு பேர்.

என்ன நடந்தது? தளத்தின் பிரதான பகுதியை ஒரு நிறுவனம் செய்தது. அரசாங்க இலாகாக்களிடமிருந்து தகவலைச் சேகரித்துத் தரும் பகுதியை இன்னொன்று செய்தது. இப்படிப் பல ஒப்பந்தக்காரர்கள். இவர்களையெல்லாம் இணைத்து முழுமையாக்கும் பொறுப்பைச் சிஎம்எஸ் என்ற அரசு மையம் தன்னிடமே வைத்துக்கொண்டது. பூக்காரர், சமையல்காரர், நாகஸ்வரக்காரர் எல்லோரும் தத்தம் வேலையில் சூரர்களாக வந்து நிற்க, தாலியை எடுத்து வருவது யார் பொறுப்பு என்று முகூர்த்த நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட கல்யாணம் அது. போதாக்குறைக்கு, கணக்குத் தொடங்காமலேயே காப்பீட்டுத் திட்டங்களையும் விலைகளையும் பார்த்துவிட்டுப் போகும் வசதியை, திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒத்திப் போட்டுவிட்டார்கள். அதனால் சும்மா விலை விசாரிக்க வந்தவர்கூட முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்றாயிற்று, வந்த கூட்டம் முழுவதும் ஒரே வாசலில் நெருக்கியது, வாசல் இடிந்தது. ஒரு சின்ன வசதியை ஒத்திப் போடுவது என்ற நிர்வாகத் தீர்மானம், எந்த சர்வரின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் ஆர்க்கிடெக்ட் அல்லவா? அந்த இடம் காலியாக இருந்தது. அக்டோபர் கடைசியில், உள்ளே இருந்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவரையே முழுவதற்கும் பொறுப்பாக்கி, வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து, டிசம்பருக்குள் ஒருவாறு நிமிர்த்திவிட்டார்கள். 2011 செப்டம்பரில் 5 கோடியே 60 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டிருந்த பிரதான தளத்தின் ஒப்பந்தம், 2014 பிப்ரவரியில் 20 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியிருந்தது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது.

அதற்கும் முன்னாலேயே எஃப்பிஐ, தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் ஏற்றுவதற்கு விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்று ஒன்றைத் தொடங்கி, 17 கோடி டாலர் திட்டமாக வளர்த்து, 2005-ல் கைவிட்டது. முழு ஸ்தாபனத்துக்குமான வரைபடம் ஒன்று இல்லாமலே வேலை தொடங்கியது அதன் முக்கியமான கோளாறுகளில் ஒன்று என்று விசாரணை செய்தவர்கள் குறித்தார்கள். அரசாங்க இலாகாக்கள் அப்படி ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டாக வேண்டும் என்ற சட்டம் 1996-லேயே வந்துவிட்டது என்பதுதான் இதில் தமாஷ்.

தோல்விகளையே அடுக்கிக்கொண்டு போனால் உங்களுக்கும் சலித்துவிடும். நம் ஊர் உதாரணம் ஒன்றுக்கு வருகிறேன். ஆதார் ஏற்பாட்டின் பிரதம ஆர்க்கிடெக்டாக இருந்தவர் பிரமோத் வர்மா. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த தீர்மானங்கள் சில உண்டு. 12 இலக்க எண்ணில் மாநிலம், ஜாதி, வயது என்று எந்தச் சூசகமும் கிடையாது. தற்செயலாகப் பொறுக்கிய எண், கடைசி இலக்கம் மட்டும் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பதற்கான சோதனை இலக்கம். "இந்த விரல்ரேகை இந்த எண்ணுக்கு உரியதுதானா?" என்று சரிபார்க்கக் கேட்டால் பதில் ஆம் அல்லது இல்லை. இவற்றைவிட நான் அதிகமாக மெச்சுவது, புதிதாகப் பதிகிறவர் ஏற்கெனவே பதிந்தவரா என்று கோடிக்கணக்கான ரேகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஒரே வெண்டரிடம் ஒப்படைக்காமல், ஆரம்பத்திலேயே மூன்று வெண்டர்களிடம் கொடுத்து, யார் திறம்படச் செய்கிறார்களோ அவர்களுக்கு அதிக வேலை என்று வைத்த ஏற்பாட்டை. மூவரும் ஒரே விதமாகக் கேள்வி வாங்கி ஒரே விதமாகப் பதில் சொல்லும்படி இடையிலுள்ள வாய்க்காலைப் பொதுவாக வெட்டினால்தான் அது சாத்தியம். பேரம் பேசும் பலம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது ஒரு தொழில்நுட்பத் தீர்மானம்.

அதே ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவனாவேன். "இல்லை" என்று பதில் வந்தால் என்ன செய்வது? உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த கிழவர் ஒருவர் ரேஷன் கடை வாசலில் நிற்கிறார். யந்திரம் இல்லை என்கிறது. அரிசி உண்டா கிடையாதா? ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் இப்படி ரேஷன் மறுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்து பெரிய சர்ச்சையாயின. சர்வரின் பதில் சரியாக இருந்தால் போதாது; அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கடைக்காரர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததே என்பது என் கட்சி. "அது பிராசஸ், டெக்னாலஜி இல்லை" என்று சொல்லிக் கை கழுவுகிற ஆர்க்கிடெக்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பார்த்தது என்று வந்துவிட்டதால், இந்த உத்தியோகத்தில் உலவும் சில பிரகிருதிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பவர்பாயிண்டிலேயே பிறந்து வளர்ந்து பவர்பாயிண்டிலேயே சித்தியடைகிற மகான்கள் ஒரு வகை. அவர்களுடைய பெட்டிகள் எங்கும் ஓடுவதில்லை, ஆகையால் எங்கும் பழுதாவதுமில்லை. வெண்டர் கம்பெனியின் ஆர்க்கிடெக்ட் இன்னொரு வகை. உங்கள் உபாதை எதுவானாலும் அவருடைய கம்பெனி விற்கும் மருந்துதான் அதற்கு ஔஷதம். மூன்றாவது வகையினர் மேல் எனக்கு அனுதாபமே உண்டு. அபாரமாக நிரல் எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சம்பளம் உயர்த்த வேறு வழியில்லாமல் ஹெச்ஆர் பிரிவு ஆர்க்கிடெக்ட் பட்டம் சூட்டிவிட, பாவம், அவர் அன்று முதல் நிரலும் எழுத முடியாமல் கூட்டத்திலும் பேசத் தெரியாமல் திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குகிறார்.

"ஆர்க்கிடெக்ட் கோடு எழுதணுமா வேண்டாமா அண்ணா?" என்று ஆபீசில் தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள். தினம் எழுத வேண்டியதில்லை என்பேன். ஆனால் பிறர் எழுதியதைப் படிக்கத் தெரிய வேண்டும். நள்ளிரவில் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த வரியில் மூச்சு நின்றது என்று பார்க்கத் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் அதே சங்கதியை ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றும் இல்லாமல் முதலாளியிடம் சொல்லத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து அமைவது துர்லபம் என்பதால்தான் இந்த உத்தியோகத்துக்கு அவ்வளவு சம்பளம். (சேராமலே அவ்வளவு சம்பளம் வாங்குவது எப்படி என்று இன்னொரு பதிவில் எழுதலாம்.)

எழுதி வைப்பதில் நான் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். விதிமுறைப்படி சகலவிதக் குறியீடுகளோடும் படம் வரைந்து பார்த்தேன். சுவரில் அழகாக இருந்தது. ஸ்தாபனத்தின் வார்ப்புருவில் தலையணை கனத்துக்கு ஆவணம் தயாரித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர்களே அதைத் திறக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு பக்கக் குறிப்பு. 2011-ல் மைக்கேல் நைகார்ட் என்பவர் எழுதிப் பரவலான முறை அது: ஒவ்வொரு பெரிய தீர்மானத்துக்கும் ஒரு சிறு குறிப்பு, என்ன சூழ்நிலை, என்ன தீர்மானித்தோம், அதனால் என்னென்ன விளையும். நான் அதில் இரண்டு வரி கூட்டிக்கொண்டேன்: பின்னால் மாற்றுவதானால் எவ்வளவு செலவாகும், சம்மதித்தவர் யார்.

நம் அம்மாளின் கேள்விக்கு, கூட்டம் முடிந்த மறுநாள் நான் எழுதி அனுப்பிய குறிப்பின் சாரம் இதுதான். ஆர்டர் எண்ணை உண்டாக்குவது கிடங்கு மென்பொருள், ஆப் அல்ல. கடைக்காரர் எத்தனை முறை பொத்தானை அமுக்கினாலும் அந்த ஆர்டருக்கு எண் ஒன்றே. ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்ட எண்ணோடு இரண்டாம் முறை பணம் கேட்டால் கேட்வே மறுக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆப் உடனே மறுபடி முயலாமல், "முன்னது என்ன ஆயிற்று?" என்று கேட்வேயைக் கேட்டுவிட்டே முயல வேண்டும். தினம் இரவு 11 மணிக்குக் கேட்வேயின் பட்டியலும் கிடங்கின் பட்டியலும் ஒப்பிடப்படும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவை காலை 9 மணிக்குள் கணக்குப் பிரிவுக்கு வந்துவிடும். திருப்பித் தரும் அதிகாரம் கணக்குப் பிரிவுக்கே. விளைவு: கிடங்கு மென்பொருள் நின்றுபோனால் புதிய ஆர்டர் எடுக்க முடியாது.

கடைசி வரியைப் படித்துவிட்டு விற்பனைப் பிரிவுத் தலைவர் போனில் பிடித்துக்கொண்டார். "என்னங்க இது, கிடங்கு சர்வர் படுத்துட்டா நான் வியாபாரமே பண்ண வேண்டாமா? தீபாவளிக்கு முன்னால் படுத்துச்சுன்னா?"

நியாயமான கேள்வி. எண் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன சேவையை நிறுவி, அதை இரண்டு இடங்களில் ஓட்டலாம். மாதாமாதம் செலவு கூடும். இல்லாவிட்டால், கிடங்கு நின்றிருக்கும் நேரத்தில் ஆர்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பணம் வாங்காமல் இருக்கலாம். கடைக்காரர்களோடு இத்தனை காலமாகக் கடனில்தானே சரக்குப் போகிறது! இரண்டையும் விலையோடு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது அவரும் கணக்கு அம்மாளும் சேர்ந்து. நான் தேர்ந்தெடுக்கவில்லை; தேர்ந்தெடுப்பது என் வேலையும் அல்ல. கடன் கொடுப்பதில் உள்ள அபாயத்தை எடைபோட அவர்களுக்குத்தான் தெரியும். அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய ஓரிடம் அங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது வரைதான் ஆர்க்கிடெக்டின் எல்லை என்று நான் நினைக்கிறேன். அந்த எல்லையைத் தாண்டி, வியாபாரம் எப்படி நடக்க வேண்டும் என்று உத்தரவிடக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப் பொறுமை இல்லை.

அதிகாரம் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிரிட்டனில் டிஎஸ்பி என்ற வங்கி, 2018 ஏப்ரலில், பழைய தலைமை நிறுவனத்தின் கணினிகளிலிருந்து தன் வாடிக்கையாளர் கணக்குகள் அனைத்தையும் ஒரு வார இறுதியில் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றியது. வாடிக்கையாளர்கள் 52 லட்சம் பேர். மாற்றிய மறுகணம் முதல் குழப்பம். பலருக்குத் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. எல்லாம் சகஜ நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. புதிய ஏற்பாடு இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே சமயத்தில் ஓடும்படி அமைந்திருந்தது. பாரம் தாங்குமா என்ற சோதனையை அவற்றில் ஒன்றில் மட்டுமே நடத்தியிருந்தார்கள் என்பது பிற்பாடு நடந்த விசாரணையில் வெளியாயிற்று. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள், இல்லை. 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம். 2023 ஏப்ரலில் அதன் அன்றைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். வேலையை ஒப்படைத்த நிறுவனம் தயாராக இருப்பதாகச் சொன்னதைத் தகுந்தபடி பரிசீலிக்காமல் நம்பியது அவர் மேல் சாட்டப்பட்ட குற்றம்.

"இரண்டாவதையும் சோதித்தீர்களா?" என்று கேட்பதற்கு மேதாவிலாசம் ஒன்றும் வேண்டியதில்லை. கேட்டு, "இல்லை" என்று பதில் வந்தால் கோ-லைவை நிறுத்தி வைக்கிற அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் ஆர்க்கிடெக்ட் பட்டத்தை மட்டும் கொடுக்கிற நிர்வாகங்கள்தாம் நான் பார்த்த வரையில் அதிகம்.

ஆகையால், இதைப் படிக்கிறவர்களில் திட்டம் ஒன்றுக்குப் பணம் போடுகிற நிலையில் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆர்க்கிடெக்டை வெண்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்னாலேயே நியமியுங்கள், ஒருவரை நியமியுங்கள், அவர் உங்கள் ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்குகிறவராக இருக்கட்டும். கோ-லைவ் தேதியில் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை அவருடைய நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். தொடங்கி ஆறு மாதமாவது ஆகும் வரையில் அவரை வேறு திட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.